படையலில் ஒரு சிகரெட்

எங்கள் அப்பா ஜெயபாலன் புகைத்துப் புகைத்து நுரையீரல் கெட்டுத்தான் செத்தார். அதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் பேச்சு நின்ற பிறகும், இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டி என் தம்பி வசந்தனிடம் சிகரெட் கேட்டார். அவன் தர மறுத்தான். அன்று மாலையே அப்பா போய்விட்டார்.

அதிலிருந்து அவ்வப்போது வசந்தனின் கனவில் அப்பா வருகிறார். கோபமெல்லாம் இல்லையாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, விரலை உதட்டில் வைத்தபடி காத்திருப்பாராம்.

எங்கள் ஊரான குளுவாங்கில், பாலாய் ராயா என்ற பொது மண்டபத்தில், சனிக்கிழமைதோறும் நான் ஓர் இளையோர் குழுவை நடத்துகிறேன். சிகரெட்டும் வேப் என்கிற மின்சிகரெட்டும் வேண்டாம் என்று பிள்ளைகளே நாடகம் போடுவார்கள். ஒருவர் நீட்ட, மற்றவர் மறுக்க வேண்டும். பதினேழு வயது வசந்தன் வேப்பை விட்டது அங்கேதான். விட்டதோடு நிற்காமல் சின்னவர்களுக்கும் மறுக்கப் பழக்கினான். அவனை நினைத்தால் எனக்குப் பெருமை தாங்காது.

ஆண்டுத் திவசத்துக்கு லாபிஸிலிருந்து பெரியப்பா அய்யாவு வந்தார். வாழையிலையில் ஆட்டிறைச்சிப் பிரட்டல், பக்கத்தில் கோப்பி என்று அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் வைத்திருந்தோம். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தார். எங்கள் குடும்பத்தில் அதைப் பற்றவைத்துத்தான் படைப்பார்கள். மகன்தான் பற்றவைக்க வேண்டும்.

"வாயில வச்சி ஒரு இழு இழுடா. இல்லன்னா பத்தாது லா," என்றார்.

"அவன் எல்லாத்தையும் விட்டுட்டான் பெரியப்பா. சும்மா வச்சிடுங்க."

"லோஷினி, உங்கப்பன் கனவுல வந்து கேக்குறான். கொடுத்தாத்தானே போவான்?"

அம்மா, அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டு, "கொடுத்துடுப்பா," என்றார்.

வசந்தன் வாங்கினான். நண்பன் நீட்டினால் மறுக்கப் பழக்கியிருந்தேன். செத்துப்போன அப்பா கேட்டால் என்ன செய்வதென்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவன் அதை உதட்டருகே கொண்டுபோனான். பிடுங்கி என் வாயில் வைத்துப் பற்றவைத்து இழுத்தேன்.

"அலமாக்! பொம்பளப் பிள்ள..." என்று பெரியப்பா பதறினார்.

இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது. அது அடங்கியதும் அப்பாவின் சட்டை வாசம் தொண்டையில் நின்றது. சின்ன வயதில் அவர் தோளில் தூங்கியபோது வந்த அதே வாசம். எனக்கு அது பிடித்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. சிகரெட்டைப் படத்தின் முன்னால் வைத்தேன். காற்றே இல்லை, ஆனாலும் யாரோ இழுப்பதுபோல் அது மளமளவென்று எரிந்து முடிந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்கு வாய் ஊறியது. சிகரெட் வாங்கக் கடைக்குள் போய், சூயிங்கம்மோடு திரும்பினேன்.

சனிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே வசந்தன் கேட்டான்.

"அக்கா, அப்பா உன்கிட்டயும் கேக்குறாரா?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன்.

"ஆமாடா."

அவன் திடுக்கிடவில்லை. "முன்னாடி எப்பவாவதுதான் வருவாரு. நீ கொடுத்ததுலேருந்து எனக்குத் தெனமும் வர்றாரு. இனிமே யாரும் பத்தவைக்க வேணாம்கா. கெஞ்சினாலும் வேணாம்."

அப்பாவைப் பட்டினி போடச் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. அழுதுகொண்டே சரி என்றேன்.