ஏழாம் நம்பர் பெட்டி

வீரமணி பெரம்பலூரை அடுத்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். ஏழு வருடமாகப் பகுதி நேர ஆராய்ச்சி மாணவரும்கூட. முப்பத்தெட்டு வயதில் விண்ணப்பங்களில் ‘மாணவர்’ என்று எழுதும்போதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். வயலில் மண்ணின் ஈரத்தை அளக்கும் சின்னப் பெட்டிகளை நட்டுவைப்பார். அவை கம்பியில்லாமல் ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றிக் கடைசியில் மோட்டார் கொட்டகையில் இருக்கும் தலைமைப் பெட்டிக்குக் கொண்டுசேர்க்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பென்சில் பேட்டரிதான் சாப்பாடு. எந்த வழியாக அனுப்பினால் பேட்டரி குறைவாகச் செலவாகும் என்று அந்தப் பெட்டிகளே முடிவெடுக்க ஒரு கணக்கு வேண்டும். அப்படி ஒரு கணக்கை அவர் உருவாக்கி, ‘சிக்கனப் பாதை’ என்று பெயரும் வைத்திருந்தார். கணக்கைவிடப் பெயருக்குத்தான் அதிக நாள் பிடித்தது.

கணினித் திரையில் சிக்கனப் பாதை பிரமாதமாக ஓடியது. வெள்ளைச் சதுரத்தில் நூறு புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. நூற்று நாற்பது நாள் ஒரு புள்ளிகூடச் சாகவில்லை. அரியலூரில் நடந்த ஒரு கருத்தரங்கில் அதை வாசித்து ஒரு பிளாஸ்டிக் கேடயமும் வாங்கிவந்தார். அவருடைய ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவில் ஒரு வெளிப் பேராசிரியர் இருந்தார். அவர்தான், “நெஜ வயல்ல வச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்டு வீரமணியின் நிம்மதியைக் கெடுத்தார்.

வகுப்பில் படித்த ஒரு மாணவியின் அம்மா பரிமளாவுக்கு வேப்பந்தட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் மக்காச்சோளம். கேட்டதும் சரி என்றுவிட்டார். பயிர் ஒரு சாண் உயரம் இருந்தபோது வீரமணி பாலிஷ் போட்ட ஷூவோடு வயலில் இறங்கி, இருபது பெட்டிகளை மூங்கில் குச்சிகளில் கட்டி நட்டார். ஷூவில் ஒன்றைச் சேறு வைத்துக்கொண்டது.

“பச்ச லைட்டு மினுக்கினா நல்லா வேல செய்யுதுன்னு அர்த்தங்க” என்று பரிமளாவுக்குப் பாடமும் நடத்தினார்.

ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஏழாம் நம்பர் பெட்டி செத்தது. பேட்டரி மாற்றினார். பதினோரு நாளில் மறுபடி செத்தது. மறுபடி மாற்றினார். ஒன்பது நாள். தன் கணக்கில் பிழை இருக்கும் என்ற எண்ணம் அவருக்கு வரவே இல்லை. கேடயம் வாங்கிய கணக்கு அல்லவா.

“இந்தப் பக்கம் ஆடு மாடு வருதாங்க?” என்று கேட்டார்.

“செங்கமலம் ஆடு ஓட்டிட்டு வரும். வரப்போட போயிடும் சார்.”

“அதுங்கதான் மோதி பேட்டரிய லூசாக்கிருக்கும். அறிக்கையிலயும் எழுதிடுறேன்.”

வீரமணி இடைக்கால அறிக்கையில் ‘கால்நடைகளின் இடையூறு’ என்று எழுதிக் குழுவுக்கு அனுப்பினார். எழுதியதும் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது.

அடுத்த முறை ஆறே நாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய் நின்றபோது வரப்பில் ஆட்டுப் புழுக்கைகூட இல்லை.

“ஆடு இப்ப வரலீங்களா?”

“நீங்க சொன்னத நான் செங்கமலத்துகிட்ட சொன்னேன் சார். நமக்கேன் வம்புன்னு அன்னைலேருந்து ஏரிக்கரையச் சுத்தி ஓட்டிட்டுப் போவுது. ரெண்டு கிலோமீட்டர் கூட நடக்கணும்” என்றார் பரிமளா. “அப்பிடியும் பெட்டி செத்துருச்சே.”

வீரமணி குனிந்து பெட்டியைத் திறந்து பேட்டரியை அழுத்திப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மத்ததெல்லாம் எப்பவாச்சும் ஒருக்கா மினுக்குது. இது மட்டும் ஓயாம மினுக்கிக்கிட்டே கெடந்துச்சு. நீங்கதான் மினுக்கினா நல்லதுன்னு சொன்னீங்களே, அதான் நல்லா ஒழைக்குதுன்னு விட்டுட்டேன்.”

வீரமணி வரப்பிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். எந்தப் பெட்டி எந்த வழியாக அனுப்பியது என்ற விவரம் தினமும் அவருக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அவர் கடைசி வரியில் இருக்கும் மொத்தக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார். இப்போது முழுவதும் படித்தார். மற்றப் பத்தொன்பது பெட்டிகளின் செய்தியும் ஏழு வழியாகவே போயிருந்தது.

எழுந்து நின்று பார்த்தார். சோளம் அவர் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. எங்கிருந்து பார்த்தாலும் கொட்டகை தெரியவில்லை. வண்டிப்பாதை ஓரத்தில் நின்ற ஏழாம் நம்பருக்கு மட்டும் கொட்டகை வரை வழி திறந்திருந்தது. தண்ணீர் நிறைந்த சோளத்தட்டைகளும் இலைகளும் மற்றப் பெட்டிகளின் சமிக்ஞையை விழுங்கிவிட, எல்லாச் செய்திகளும் சேர்ந்து ஏழின் தலையில் விழுந்தன. ‘களைத்த பெட்டியைத் தவிர்’ என்றது அவருடைய கணக்கு. வேறு வழியே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. ஏழு வருடம் உட்கார்ந்து யோசித்த மனிதருக்கு, பயிர் வளரும் என்பது மட்டும் தோன்றாமல் போயிருந்தது.

ஏரிக்கரைக்கு நடந்தார். செங்கமலம் கருவேல நிழலில் நின்றிருந்தார். சுற்றிலும் ஒன்பது ஆடுகள்.

“ஆடு மேல தப்பில்லீங்க. என் கணக்குதான் தப்பு.”

செங்கமலம் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஆடுன்னு எழுதிப் போட்டீங்களாமே?”

“ஆமாங்க.”

“அப்ப அத அடிச்சுட்டு எழுதுங்க.”

“எழுதுறேங்க. நீங்க பழைய வழியாவே ஓட்டிட்டுப் போங்க.”

“அதுக்கு ஒங்கள எதுக்குக் கேக்கணும்?” என்று சொல்லிவிட்டு ஆடுகளைத் திருப்பினார்.

அந்த வாரம் பரிமளா பிடித்துக்கொள்ள, வீரமணி ஸ்டூலில் ஏறி எல்லாப் பெட்டிகளையும் பத்தடி மூங்கிலின் உச்சிக்கு மாற்றினார். இருமுறை விழுந்தார். எதிர்மூலையில் இன்னொரு தலைமைப் பெட்டியும் வைத்தார். அறுவடை வரை முப்பத்தெட்டு நாள் ஒன்றும் சாகவில்லை. நூற்று நாற்பதுக்கு எங்கோ கீழே இருந்த அந்த எண்ணை அவர் மூன்று பேருக்குப் போன் போட்டுச் சொன்னார்.

குழுவின் முன் திருத்திய அறிக்கையை அவரே வாசித்தார்: “கால்நடைகளால் இடையூறு எதுவும் இல்லை. இடையூறு ஆய்வாளரால் ஏற்பட்டது.” எல்லோரும் சிரித்தார்கள். வெளிப் பேராசிரியர் மட்டும் சிரிக்காமல் தாள்களை நிதானமாகப் புரட்டினார். “இதத் தனி அத்தியாயமா எழுதுங்க. மத்ததவிட இதுதான் படிக்கிற மாதிரி இருக்கு” என்றார். அதற்காக இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பும் கொடுத்தார்கள். வாழ்த்துவதா, அனுதாபப்படுவதா என்று தெரியாமல் சக ஆசிரியர்கள் டீ வாங்கிக்கொடுத்தார்கள்.

மாலையில் பரிமளாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

“அப்ப இன்னும் ஒரு போகம் வருவீங்களா?”

“நீங்க சரின்னா வரேங்க.”

“வாங்க சார். இந்தவாட்டி சின்ன வெங்காயம் போடுறேன். அது முழங்காலுக்கு மேல வளராது. ஒங்களுக்கும் செரமம் இருக்காது.”