மூன்று பேர் அறையில் இரண்டு கறுப்பு கேபினெட்

காட்டாங்குளத்தூர் அறையில் நாங்கள் மூவர். அசாருக்கும் எனக்கும் ஒரு கம்ப்யூட்டர், ஜோனத்தானுக்கு ஒன்று. "நம்ம மதர்போர்டு பழசு மச்சான், பழைய ஏஜிபி கிராபிக்ஸ் கார்டுதான் சேரும், அதான் சீப்" என்று அசார் சொன்னதால், கேம் ஆட சென்னை ரிச்சி தெருக் கடையில் ஒன்று வாங்கி வந்தேன். மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரின் கறுப்பு கேபினெட்டைத் திறந்து செருகினேன்; கார்டு ஸ்லாட்டில் இறங்கவில்லை. கட்டைவிரல்களால் அழுத்தினேன். ஸ்லாட் உடைந்தது.

தப்பான கார்டைச் சொல்லிவிட்டான் என்று அசாரின் சட்டையைப் பிடித்து அவனைச் சுவரில் மோதினேன். மூக்கிலேயே குத்தினேன். ரத்தம் என் விரல்களில் வழிந்தது. அவன் திருப்பி அடிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த அதே மாதிரி கறுப்பு கேபினெட்டைக் காட்டினான்.

"நம்மளுது அது. நீ உடைச்சது ஜோனத்தானோடது."

குளித்துவிட்டு வந்த ஜோனத்தான் வாசலிலேயே நின்றான்.

"என் சிஸ்டத்தை எவன்டா உடைச்சது?"

ரத்தம் காயாத விரலால் நான் அசாரைக் காட்டினேன்.