லிஃப்டுக்கு ஒரு வருடம், மனிதனுக்கு ஐந்து

என் மனைவி கடைசியாக அளந்தது என் ஷூவை. கூடத்துத் தரையில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்துகொண்டு, "ம், ஆரம்பிங்க" என்றாள். நான் நாற்காலியில் இருந்தபடி இரண்டு ஷூவையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். மறுபடியும் போட்டு லேஸ் கட்டினேன்.

"ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. அதுக்குள்ள நான் பத்து மாடி போயிட்டு வந்துருவேன்."

"லிஃப்ட்ல போனா யார் வேணா போகலாம்."

"லேஸ் இல்லாததா ஒண்ணு வாங்கித் தொலைங்களேன்."

"அது கால்ல நிக்காது."

"ஆமா, இல்லன்னா அப்படியே ஓடிக் கிழிச்சிருவீங்க." உடனே மகளுக்குப் போன் போட்டாள். "ஏய் வாலு, உங்கப்பாவுக்கு ஒன்னு நாப்பது!"

என் மனைவி லிஃப்ட் இன்ஸ்பெக்டர். எடை ஏற்றிப் பார்த்து, பிரேக், கம்பிவடம் எல்லாம் சோதித்து, லிஃப்டுக்குள் ஒட்டுகிற தாளில் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து ஒரு வருடம் செல்லும். நான் நூலகத்தில் புத்தக அட்டவணை தயாரிப்பவன். எதையும் நிதானமாகச் செய்தே பழகியவன்.

ஷூவைக் கழற்றச் சொல்லாமல் தனி வரிசையில் சீக்கிரம் அனுப்பிவிடுகிற, விமான நிலையத்தின் விரைவுச் சோதனைத் திட்டத்தில் நாங்கள் சேர நினைத்ததற்குக் காரணம் வாலுதான். அவள் இருக்கும் ஊருக்கு நேர் விமானம் கிடையாது. நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கி, வேறு கட்டடத்துக்குப் போய், மறுபடியும் சோதனை முடித்து அடுத்ததில் ஏற வேண்டும். அடுத்தது நாளுக்கு ஒன்றுதான். இடையில் ஐம்பத்தைந்து நிமிடம். போன வருடம் மகளுக்கு அறுவைச் சிகிச்சை என்று கிளம்பியபோது, சோதனையில் ஓர் அதிகாரி என் மனைவியின் பையிலிருந்து வடத்தின் இறுக்கத்தை அளக்கும் கருவியை எடுத்து, "இது என்ன?" என்றார். அவர் கேட்டது ஒரே கேள்வி. இவள் கால் மணி நேரம் ஆசையாகப் பதில் சொன்னாள். விமானம் போய்விட்டது. மகள் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது பக்கத்தில் நர்ஸ்தான் இருந்தாள். அதை வாலு ஒரு தடவைதான் சொன்னாள். அவள் கருவுற்றிருப்பதாகச் சொன்ன அன்றே மனைவி விண்ணப்பத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்றில் படிவமும் கைரேகையும் கொடுத்தால் போதும். உள்நாட்டுப் பயணத்துக்கு அதுவே தாராளம். இன்னொன்று வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கும் உதவுவது. அதற்கு நேர்காணல் உண்டு.

"நாம எந்த வெளிநாட்டுக்குப் போறோம்? முதல் திட்டமே போதும்," என்றேன்.

"எனக்கு அந்த இன்டர்வியூதாங்க வேணும். ஒருத்தரை நம்பலாமா வேண்டாமான்னு அஞ்சு நிமிஷத்துல எதைக் கேட்டுக் கண்டுபிடிக்கிறாங்க? நான் ஒரு லிஃப்டுக்கே அரை நாள் எடுத்துக்கிறேன். அதுக்கும் ஒரு வருஷத்துக்குத்தான் கையெழுத்து. இவங்க மனுஷனுக்கு அஞ்சு வருஷம் குடுக்கிறாங்களே!"

நேர்காணலுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்காகும் என்றார்கள். யாராவது ரத்து செய்கிறார்களா என்று அவள் தினமும் கணினியைப் பார்த்துக்கொண்டே இருந்து, அடுத்தடுத்து இரண்டு நேரங்களைப் பிடித்தாள். எனக்குப் பத்து இருபது, அவளுக்குப் பத்து நாற்பது. ஷூவை அளந்தது அந்தச் சந்தோஷத்தில்தான்.

மறுநாள் காலை ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில், குனிந்தவள் நிமிரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அவளைக் கீழே கொண்டுவந்தது அதே லிஃப்டில். அதற்கு அவள் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

வாலுவுக்கு அப்போது எட்டாவது மாதம். பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவின் முகத்தை அவள் போனில்தான் பார்த்தாள். "பிரசவத்துக்கு நீங்களாச்சும் நேரத்துக்கு வந்துருங்கப்பா," என்றாள்.

நேர்காணலை ரத்து செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தத் தேதியைத் தேடி மனைவியின் குறிப்பேட்டைத் திறந்தால், என்னென்ன கேட்பார்கள் என்று அவள் ஊகித்து எழுதிய பட்டியல் இருந்தது. 'பக்கத்து வீட்டில் சண்டை உண்டா?' 'கடைசியாக எப்போது பொய் சொன்னீர்கள்?' எல்லாவற்றுக்கும் மேலே எழுதியிருந்த கேள்விக்கு அடியில் இரண்டு கோடு: 'ஏன் இவ்வளவு அவசரம்?' அவள் ஊகம் சரியா என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க என்னால் முடியவில்லை. போனேன்.

சின்ன அறை. கழுத்து நீண்ட கேமரா, விரல் வைக்கும் கண்ணாடி, தூசி படிந்த பிளாஸ்டிக் செடி. அதிகாரிக்கு என் மகள் வயது இருக்கும். விலாசம் மாறியதா, வழக்கு ஏதும் உண்டா, என்ன வேலை. நான்கே நிமிடம். என் மனைவி எழுதியதில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. அவளுக்காக எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"அடுத்தது உங்க மனைவியா சார்? ஒரே விலாசமா இருக்கு. வெளிய இருக்காங்களா?"

"அவ இல்லம்மா. இறந்துட்டா. பன்னிரண்டு நாளாச்சு."

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "அடுத்த இருபது நிமிஷம் அவங்களோடதுதான். கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க சார்."

"அப்ப அவ கேள்வியைக் கேக்கலாமா?" லிஃப்டுக்கு ஒரு வருடம், மனிதனுக்கு எப்படி ஐந்து வருடம் என்று கேட்டேன்.

சிரிக்கப் போனவர் யோசித்தார். "அஞ்சு வருஷம் கார்டுக்குத்தான் சார், ஆளுக்கு இல்ல. உங்க பேரை நடுவுலயும் பாத்துக்கிட்டேதான் இருப்போம். அதோட, எப்பவாச்சும் ஒரு தடவை, காரணமே இல்லாம, மிஷின் உங்களைப் பழைய வரிசைக்கு அனுப்பிரும். யாரை, என்னைக்குன்னு எங்களுக்கே தெரியாது."

சொல்லாமல் கொள்ளாமல் போய் லிஃப்டைச் சோதிப்பது அவள் வழக்கமும்தான். வெளியே வந்ததும் இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன். பாதியில் நின்றேன்.

டாக்டர் சொன்ன நாளுக்குப் பத்து நாள் முன்பே வாலு கூப்பிட்டாள். "அப்பா, வலி எடுக்குது. கிளம்பிருங்க."

எங்கள் ஊரில் ஷூவோடு நடந்தே சோதனையைக் கடந்தேன். முதல் விமானம் தாமதம். பெரிய விமான நிலையத்தில் ஐம்பத்தைந்து நிமிடம் இருபத்தாறாகிவிட்டது. அங்கே இயந்திரத்தில் என் விமானச் சீட்டை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. "அந்த வரிசைக்குப் போங்க சார்," என்றான் காவலாளி.

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கோ, 'பாத்தியா, இன்னைக்கு என் முறை' என்றுதான் தோன்றியது. ஷூவைக் கழற்றித் தட்டில் வைத்தேன். மறுபக்கத்தில் எடுத்துப் போட்டு, சுவரில் ஓடிய வினாடி முள்ளைப் பார்த்தபடி லேஸ் கட்டினேன்.

"கட்டாமயே ஓடுங்க சார், விமானம் போயிரும்!"

"கட்டாம ஓடினா விழுந்துருவேன்," என்றேன்.

ஓடினேன். நுழைவாயிலில் கதவைச் சாத்தப் போன பெண் என்னைப் பார்த்துக் கையை எடுத்தாள்.

மருத்துவமனைக்குப் போனபோது வாலு வியர்த்துப்போய்ப் படுத்திருந்தாள். குழந்தை இன்னும் பிறக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேரமாயிருச்சேன்னு பாத்தேன். செக்கிங்ல புடிச்சுட்டாங்களா?"

"ஷூவைக் கழட்டச் சொல்லிட்டாங்க."

அடுத்த வலிக்கு முன் மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டாள். "எவ்வளவு ஆச்சு?"

"ஒன்னு நாப்பது."