நான் வாறேன் அக்கா

சுயம்புராஜ் அண்ணன் வடசேரியில் போட்ட மரச்சீனிக் கிழங்கு, மீன்கறிக் கடையைத் திறந்துவைக்க என்னைத்தான் அழைத்திருந்தார். என் சமையல் வீடியோக்களுக்கு நாற்பதாயிரம் ஃபாலோயர்கள். அதில் முப்பத்தொன்பதாயிரம் பேர் ஒரு கம்பெனியிடம் நான் விலைக்கு வாங்கிய பொய்க்கணக்குகள் என்பது அவருக்குத் தெரியாது.

“சஜிதா சொல்லி வரும் முதல் ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு இலவசம்” என்று வாசலில் பெரிய பேனர். உள்ளே மூன்று அண்டா மரச்சீனி ஆறிக்கொண்டிருந்தது. மதியம் ஒரு மணிவரை வந்தது நான்கு பேர். அதிலும் இருவர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்க வந்தவர்கள்.

“அண்ணே, நான் கிளம்பட்டா? தல வலிக்கி.”

“பொறு மக்கா. ஒரு லைவ் போட்டு ஒன் ஃபாலோயர்மார கூப்பிடு.”

வேறு வழியில்லாமல் போட்டேன். லைவ் போட்டால் தானாகவே ஆட்களையும் கமெண்டுகளையும் அனுப்ப அந்தக் கம்பெனியிடம் சொல்லிவைத்திருந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் எழுதியதுபோல் இருக்கட்டுமென்று கமெண்டையும் நானே எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டே நிமிடத்தில் மூவாயிரம் பேர் வந்துவிட்டார்கள். “நான் வாறேன் அக்கா”, “நான் வாறேன் அக்கா” என்று திரை நிரம்பி ஓடியது.

என் தோளுக்குப் பின்னால் நின்று படித்த அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஏலே, இன்னும் மூணு அண்டா ஏத்துங்கலே!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார். பிறகு வாசலின் நட்டநடுவில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

“இரி மக்கா. எல்லாரும் வந்து சேந்த பொறவு போவலாம்.”