சமையல் மேடை உருகிய வீடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவில், யேசுதாஸ் வீட்டுச் சமையல் மேடை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர்கள் திரும்புவதற்குள் உருகியிருந்தது. மேடை முழுவதும் இல்லை. கறுப்பு கிரானைட் பலகையின் குறுக்கே சாண் அகலத்துக்கு ஓடிய வெள்ளைப் பட்டை மட்டும் கஞ்சி மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் தக்காளி விலை இறங்கியிருந்ததால் அவன் மனைவி கிறிஸ்டினா ஒரு கூடை வாங்கி வைத்திருந்தாள். அது தொக்காகிவிட்டது.

யேசுதாஸ் இரும்பு உருக்கும் கம்பெனியில் உலை ஆபரேட்டர். உருகியதைப் பார்த்து மிரளுகிறவன் இல்லை. எட்டிப் பார்த்து, "எழுநூறு டிகிரிக்கு மேல இருக்காது" என்றான். ஒரு வாரமாகவே கிறிஸ்டினா அவனோடு பேசுவதில்லை. காரணம் கேரம். அந்த வீட்டில் ஒழுங்கான மட்டத்தில் இருந்த ஒரே இடம் சமையல் மேடை என்பதால், தினமும் சாயங்காலம் அவன் போர்டை அதன்மேல் போட்டு நண்பர்களோடு ஆடுவான். ஆட்டம் முடிந்தால்தான் அடுப்பு எரியும். காய் வழுக்கத் தூவி உதிர்ந்த போரிக் பவுடரெல்லாம் அந்த வெள்ளைப் பட்டையின் குழிகளில் இறங்கியது. பொறுத்துப் பார்த்தவள், தெருக்களுக்கிடையே கேரம் போட்டி நடக்கவேண்டிய நாளில் சுண்ணாம்பு கரைத்துச் சமையலறைக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினாள். வாளி மேடைமேல் கவிழ்ந்தது. வேண்டுமென்றே கவிழ்த்தாள் என்றான் அவன். அவள் இல்லை என்று சொல்லவில்லை. ஊத்துக்கோட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகப் பெட்டியைக் கட்டினாள். ஆராதனை முடிந்து வந்து பெட்டியை எடுப்பதாகத்தான் இருந்தது.

யேசுதாஸ் ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கினான். பக்கத்து வீட்டில் குடியிருந்த இளமதி ஜன்னல் வழியாகக் கை நீட்டித் தடுத்தாள். அவள் சென்னையில் ஒரு கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் எடுப்பவள். உள்ளே வந்து, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிய, நெடுநேரம் பார்த்தாள்.

"தண்ணி ஊத்தாதீங்க அண்ணா. உள்ள கல்லு வளருது."

பிறகு விளக்கினாள். பூமிக்கடியில் கிரானைட் குழம்பு ஆறும்போது, கால்சியம் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடும். போரானையும் லித்தியத்தையும் எந்தக் கனிமமும் சீக்கிரம் சேர்த்துக்கொள்ளாது. அவை கடைசிவரை நின்று, தண்ணீரோடு மிஞ்சும் கொஞ்சம் குழம்பில் ஒதுங்கும். அந்த மிச்சம் உறைந்த இடம்தான் இந்த வெள்ளைப் பட்டை. அதிலிருக்கும் ஊதா மினுமினுப்பு லித்தியம். அங்கே போரான் போதிய அளவு சேர்ந்தால் டூர்மலின் என்ற கல் விளையும். ஆனால் கால்சியம் நிறைந்த டூர்மலின் அபூர்வம், ஏனென்றால் கடைசிப் பந்திக்குக் கால்சியம் மிஞ்சுவதில்லை. வெளியிலிருந்து யாராவது கொண்டுவந்து போட்டால்தான் உண்டு.

"சுண்ணாம்பு" என்றாள் கிறிஸ்டினா. "அப்ப அது என் கல்லு."

"போரான் இன்னா வானத்துலேர்ந்தா வந்துச்சு? என் பவுடரு" என்றான் யேசுதாஸ்.

"ரெண்டும் இல்லாம இது இல்ல" என்றாள் இளமதி. "எவ்வளவு மெதுவா ஆறுதோ அவ்வளவு பெருசா வளரும். சட்டுனு குளிர்ந்தா நொறுங்கிடும்."

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, மலைக்கு என்றால் கணக்குச் சொல்லலாம், சமையலறையைப் பற்றிப் புத்தகத்தில் இல்லை என்றாள்.

கிறிஸ்டினா பெட்டியைப் பிரித்தாள். "நான் போனா இந்தாளு தண்ணி ஊத்திடுவாரு" என்று இளமதியிடம் சொன்னாள், புருஷன் பக்கத்தில் நிற்கும்போதே.

யேசுதாஸ் கம்பெனியிலிருந்து வெப்பம் தாங்கும் போர்வை கொண்டுவந்து மேடையைப் போர்த்தினான். அடுப்பு மொட்டைமாடிக்குப் போனது, கேரம் போர்டு பரணுக்கு. அவன் ஷிப்டுக்குப் போனால் அவள் காவல், அவள் பேக்கிங் வேலைக்குப் போனால் அவன். "போர்வ விலகிக்கினு கீது" என்பதுதான் அவள் அவனிடம் மறுபடி பேசிய முதல் வார்த்தை. அவன் அதை இழுத்து மூடிவிட்டு, "சாப்டியா?" என்றான். அப்புறம் பேச்சு மெதுவாக வளர்ந்தது. இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒரு தேர்தல் முடிந்தது. மூன்றாம் வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கேக் கலக்கும்போது மேடை கை வைக்கிற சூட்டுக்கு வந்திருந்தது.

பட்டையின் நடுவில் ஒரு பொந்து. அதற்குள் விரல் பருமனில் கற்கள். நுனியைப் பார்த்தால் முக்கோணத்துக்குள் முக்கோணமாக ரோஜா, பச்சை, தேன் நிறம். இளமதி அழுதாள். பெயர்த்தெடுக்கலாமா என்று கேட்டாள். "அடுப்பு வெக்கணும், உடுங்கம்மா" என்றாள் கிறிஸ்டினா.

அடுப்பு வைத்த அன்றுதான் தெரிந்தது, சூடேறினால் அந்தக் கல் தூசியை இழுக்கும் என்று. டூர்மலினின் குணமே அதுதான் என்றாள் இளமதி. ஆனால் இது தெரு முழுவதையும் இழுத்தது. உலைகள் கக்கிய கரி, கூரைகளிலிருந்தும் கொடித்துணிகளிலிருந்தும் எழுந்து, ஜன்னல் வழியாக வரிசையாக வந்து மேடையில் படிந்தது. இப்போது அந்தத் தெருவில் துணி காயப்போடுகிற பெண்கள் முதலில் கேட்பது, "கிறிஸ்டினாக்கா, அடுப்பு பத்த வெச்சிட்டியா?" என்றுதான். அவள் பற்றவைத்து, காப்பி போட்டு, வெளியே தெருவுக்கு வந்து உட்கார்ந்து குடிப்பாள். உள்ளே யேசுதாஸ் மேடையைத் துடைத்துக்கொண்டிருப்பான்.