தற்காலிக இலக்கு

செயற்கைக்கோள் மாசானமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு விண்மீனைப் பார்க்கச் சொல்லி மேலே அனுப்பப்பட்டது அது. சோதனைக்குத் தற்காலிக இலக்காகத் தன் நாற்காலியைக் கொடுத்த மாசானமுத்து, பிறகு இலக்கை மாற்ற மறந்துவிட்டார். அலுவலகத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இலக்கு நகர்ந்தால் அதற்கு அது பிழை; ஒவ்வொரு பிழையிலிருந்தும் தானே கற்றுக்கொள்ளும் வகை. முதல் வாரம் அவர் நடையைக் கற்றது. அடுத்த வாரம், வீட்டுக்குப் போகும் எண்ணத்தைக் கற்றது. இலக்கு கைவிட்டுப் போகாதபடி, அவர் வாசல் பக்கம் ஓரடி வைத்தால் தாழ்வாரம் ஓரடி நீண்டது.

"நல்லாத்தான் வேலை செய்யுதுவே," என்றார் மேலதிகாரி தேவசகாயம்.

"சார், நான் வள்ளியூர் போகணும். வீட்டுக்காரிக்கு இதுதான் மாசம்."

"அது உம்மை மறந்தாத்தான் விடும். ஏழு நாள் அசையாம நில்லும். பிழையே வரலன்னா படிச்சதெல்லாம் தானா அழிஞ்சிரும்."

ஒரு படிவத்தையும் நீட்டினார். இல்லாமலிருக்க அனுமதி கோரும் படிவம். கை அசையாமல் கையெழுத்திட வேண்டும் என்று அடியில் அச்சிட்டிருந்தது. மாசானமுத்து எப்படியோ போட்டார்.

நின்றார். மூக்கில் ஈ உட்கார்ந்தது. தூசி தட்ட வந்த பெண் அவரையும் தட்டிவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் தாழ்வாரம் பாதியாகச் சுருங்கியது. ஆறாம் நாள் வாசலும், வாசலில் வள்ளியூர் பஸ்ஸும் தெரிந்தன. பாவம், அவருக்கு அழுகை முட்டியது. அதையும் அடக்கிக்கொண்டார்.

மூன்று நாளாகத் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்த போன் அன்று பகலில்தான் அவரிடம் சேர்ந்தது. தேவசகாயம் அதை அவர் காதில் வைத்தார். பேசியது மனைவி செண்பகவல்லி.

"ஏங்க, பையன் பொறந்துட்டான். பொறந்ததுலருந்து நீங்க இருக்க தெசையவே பாத்துக்கிட்டு இருந்தான். இப்ப எங்கயுமே பாக்க மாட்டேங்கான். கண்ணு செருகுது. இன்னும் ஒரு நாள்தான் தாங்குவாம்ங்காரு டாக்டரு."

கோள் அவரை மறக்கவும் அதே ஒரு நாள்தான் இருந்தது. பஸ் ஹாரன் அடித்தது.

மாசானமுத்து இடது காலைத் தூக்கி இடப்பக்கம் வைத்தார். தாழ்வாரம் சத்தமில்லாமல் நீண்டது. பஸ் ஒரு புள்ளியானது.

"ஏங்க! கண்ணத் தொறந்துட்டான்! இந்தப் பக்கம் திரும்புதான்!"

வலப்பக்கம் நகர்ந்தார். "இப்ப?"

"அந்தப் பக்கம் பாக்கான்."

"யாரு மாதிரி இருக்கான்?"

"வந்து பாருங்க."

தேவசகாயம் படிவத்தை நிதானமாக நாலாகக் கிழித்தார். "இன்னும் ஒரே நாள்வே. அதுக்குள்ள என்ன அவசரம்?"

மாசானமுத்து இடது காலை எடுத்து வைத்தார். பிறகு வலது காலை.