கட் சொன்ன பிறகு

மெமரி கார்டில் பதினோரு கிளிப்புகள் இருந்தன. ஒன்றில்கூட அலறல் இல்லை.

கத்திரி மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினாள். எடிட்டிங் செய்வதால் கல்லூரியில் அவளுக்கு அந்தப் பெயர். முதல் கிளிப்பில் தரை. இரண்டாவதில் யாருடைய செருப்போ. மூன்றாவதில் அவள் அம்மா தலைமுடியை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். எங்கிருந்தோ "ஆக்‌ஷன்" என்று ஒரு குரல் கேட்டது. அதோடு படம் நின்றது.

நான்காவதும் அங்கேயே நின்றது. ஐந்தாவதும்.

"ஒட்டகம்," என்று கேமராமேனைக் கூப்பிட்டாள். "இங்க வா."

அவன் நெட்டைக் கழுத்தோடு வந்து பின்னால் நின்று பார்த்தான். அவனுக்கும் விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. ஆரம்பத்தில் பட்டனை ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிட்டான். அதன்பின் எல்லாம் தலைகீழ். ஆக்‌ஷன் என்றதும் கேமராவை நிறுத்தியிருக்கிறான், கட் என்றதும் ஓடவிட்டிருக்கிறான். நேற்று மாலை மூன்று மணி நேரம் நடித்ததெல்லாம் காற்றோடு போயிற்று. நடிக்காமல் இருந்ததெல்லாம் பத்திரமாக இருந்தது.

"சிவப்பு லைட்டப் பாக்கலியாடா நீ?"

"கண்ணாடில தெரியுதுன்னு தாடிதான் டேப் ஒட்டச் சொன்னான்."

தாடிதான் இயக்குநர். மோவாயில் எண்ணிப் பன்னிரண்டு முடி. அவன் எழுந்து அறையின் நீளத்துக்கு நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான்.

மணி பத்து. நான்கு மணிக்குள் மூன்றையும் ஒப்படைக்க வேண்டும்: பேய்ப் படத்துக்கு ஒன்றரை நிமிட ட்ரெய்லர், போஸ்டர், ஒரு சினிமாப் பத்திரிகையின் அட்டை. படம் என்று ஒன்று கிடையாது. இல்லாத படத்தைப் பார்க்க ஆள் சேர்ப்பதுதான் பரீட்சை. நான்கு மணி ஒரு நிமிடம் என்றால் அடுத்த வருடம் இதே பெஞ்சில் பார்க்கலாம் என்று சார் சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனுஷன்.

மறுபடி எடுக்கவும் வழியில்லை. காலியாகக் கிடந்த வீட்டை ஒருநாள் கேட்டு வாங்கியிருந்தார்கள். இன்று காலை அங்கே புதிதாக ஆள் குடிவந்துவிட்டது. பேயாக நடிக்க வேண்டியவள் கடைசி நேரத்தில் கழுத்தறுத்ததால்தான் கத்திரி தன் அம்மாவை இழுத்துக்கொண்டு போனாள். வேலை முடிந்த கையோடு வந்த அம்மா, "வெள்ளத் துணியோட நிக்கணும், அவ்ளோதானே? நாள் பூரா அதத்தான் செய்யறேன்," என்றாள். அவளுக்கு ஒரு ஹோட்டலின் துணி அறையில் வேலை.

எட்டாவது கிளிப்பில் அம்மா படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கட் சொல்லியாகிவிட்டது. மற்றவர்கள் விளக்கை நகர்த்த அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். அம்மா வாசலைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். கத்திரிக்காகச் சிரித்தது அது. கத்திரி வெளியே போனதும் சிரிப்பு மெல்ல இறங்கியது. சிரிப்போடு முகமும் இறங்கியது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்து அப்படியே நின்றது. பத்தொன்பது விநாடி. பிறகு அடுத்த அறையிலிருந்து "ரெடி" என்று கேட்டது. அம்மா முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அங்கேயே கத்திரி நிறுத்தினாள். பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். இந்த முகத்தைப் பார்த்ததில்லை.

"இதுடி!" என்றான் தாடி. "பூசாத மேக்கப். எனக்கு முதுகெல்லாம் என்னமோ பண்ணுது. இத நடுவுல வை. போஸ்டரும் இதான், அட்டையும் இதான்."

"அவங்களுக்குத் தெரியாம எடுத்தது."

"அதனாலதான் நல்லாருக்கு."

"கேட்டுட்டு வரேன்."

"நாலு மணிடி!"

அவள் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

துணி அறை ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்தது. உலர்த்தும் இயந்திரங்களின் சூடு வாசலிலேயே முகத்தில் அடித்தது. அம்மா தனியாக இருந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. விரிப்பின் ஒரு முனையை நீட்டினாள்.

"புடி. கூட இருக்கறவ சாப்பிடப் போயிருக்கா."

இருவரும் விரிப்பை உதறி இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடித்தார்கள்.

"அம்மா, நேத்து எடுத்தது எதுவும் பதிவாகல."

"நான் கத்தினது?"

"இல்ல."

"தொண்ட கட்டிக்கிச்சுடி எனக்கு! பக்கத்து வீட்டுக்காரர் போலீசக் கூப்பிடவான்னு ஓடி வந்தாரே, அவரு?"

"அவரும் இல்ல."

அம்மா சிரித்துவிட்டாள். "அப்ப என்னதான் இருக்கு?"

கத்திரி எட்டாவது கிளிப்பை ஓடவிட்டுப் போனை நீட்டினாள். அம்மா கையை உடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பார்த்து முடித்த பிறகும் போனைத் திருப்பித் தரவில்லை.

"யார் யாரு பாத்தாங்க?"

"நாங்க மூணு பேருதான்."

"நான் சும்மாதானே உக்காந்திருந்தேன்."

"ஆமா. அதான் ரொம்ப நல்லா... அப்ப என்ன நெனச்சிட்டு இருந்தேம்மா?"

"அது எதுக்கு உனக்கு?"

இயந்திரம் ஒன்று நின்று மணி அடித்தது. அம்மா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"வேணாம் பாப்பா. கத்தினதப் போடு. தலைய விரிச்சிட்டு ஓடினதப் போடு. அதுக்குத்தான் வந்தேன். இதுக்கு வரல."

"அதெல்லாம் இல்லையேம்மா. இது இல்லன்னா எனக்கு இந்த வருஷமே போயிடும்."

"பட்டன மாத்தி அழுத்தினது நானா?"

அம்மா அடுத்த விரிப்பை எடுத்து முனையை நீட்டினாள்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"இத மடிச்சிட்டுப் போய்ச் சாப்பிடு."

பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. அம்மா கல்லூரிப் பக்கம் வந்ததே இல்லை. வரப்போவதும் இல்லை. போடவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வேகமாக நடந்தாள்.

கல்லூரி மாடி நடையில் அம்மா தொங்கிக்கொண்டிருந்தாள். தாடி போஸ்டரை அச்செடுத்து ஒட்டியே விட்டான். இருண்ட பின்னணியில் அந்த முகம், கீழே சிவப்பில் 'கத்தாதே'. முதல் வருடப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்தாள். பேச்சு பாதியில் நின்றது. இன்னொருத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுவரோரமாகப் போனாள்.

போஸ்டர் வேலை செய்தது. கத்திரி அரை நிமிடம் நின்றாள். பிறகு அதை உரித்துச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"வேணாம்னுட்டாங்க."

"உங்கம்மாதானே! சாயங்காலம் சமாதானம் பண்ணிக்கலாம்டி."

"உங்கம்மா மூஞ்சியப் போடு."

"எங்கம்மாவப் பாத்து என்னத் தவிர ஒருத்தனும் பயப்பட மாட்டான்."

ஒட்டகம் சிரித்தான், உடனே வாயை மூடிக்கொண்டான். மணி ஒன்று நாற்பது. தாடி நகத்தைக் கடித்தான், மேசையைக் குத்தினான், ஒன்றரை நிமிடமும் தரையையும் செருப்பையுமா காட்டுவது என்று கேட்டான். கத்திரி எட்டாவது கிளிப்பைத் திறந்தாள். முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு ஓடவிட்டாள். இதுவரை ஒவ்வொரு தடவையும் "ரெடி"யில் நிறுத்தியிருந்தாள். இந்தத் தடவை நிறுத்தவில்லை.

கையை எடுத்தபோது அம்மா சட்டகத்தை விட்டுப் போயிருந்தாள். படுக்கை மட்டும் இருந்தது. அவள் உட்கார்ந்த இடத்தில் ஒரு குழி. பழைய பஞ்சு மெத்தை அவசரமில்லாமல் எழும்பியது. விரிப்பில் ஒரு சுருக்கம் விரிந்தது, நின்றது. அடுத்தது விரிந்தது. குழி நிரம்பிக்கொண்டே வந்தது. "ஆக்‌ஷன்" என்ற குரலோடு படம் முடிந்தது.

தாடி நகத்தைக் கடிப்பதை விட்டிருந்தான்.

"யார்ரா எழுந்திருக்கறது?" என்றான் ஒட்டகம் மெதுவாக.

கத்திரி வெட்டி ஒட்டத் தொடங்கினாள். தரை, செருப்பு, நகர்கிற விளக்கின் நிழல், மூடாத கதவு. நடுவில் படுக்கை, இசையில்லாமல் பதினோரு விநாடி. வயலின் வேண்டும் என்று தாடி அடம்பிடித்தான். கத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவன் போஸ்டரில் முகத்துக்குப் பதில் படுக்கையை வைக்கப் போனான். பத்திரிகை அட்டையின் மூலையில் 'இயக்குநரின் முதல் பேட்டி' என்று தன் படத்தையும் சேர்த்தான். அதை அவள் எடுக்கச் சொல்லவில்லை.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு சார் வாங்கிக்கொண்டார். அங்கேயே ஓட்டிப் பார்த்தார்.

"கத்தாதேன்னு பேரு. கத்தறதுக்கு ஆளே இல்லையே?"

சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு மறுபடி ஓட்டினார். படுக்கை வந்தபோது கன்னத்தில் ஊன்றியிருந்த கையை எடுத்தார். பதிவேட்டில் டிக் போட்டார், மார்க் சொல்லவில்லை.

அம்மா வேலை முடிந்து வந்தபோது கத்திரி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

"போட்டியா?"

"இல்ல."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள். "பாஸா?"

"தெரியல."

"அது எங்க இருக்கு இப்ப?"

"லேப்டாப்ல மட்டும்தான். போன்லயும் கார்டுலயும் அழிச்சிட்டேன். அவங்ககிட்டயும் அழிச்சிட்டேன்."

"கொண்டா."

கத்திரி மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்தப் பொத்தான் என்று கேட்டாள். காட்டியதும் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள், அழுத்தவில்லை.

"ஒரு தரம் ஓட்டு."

பத்தொன்பது விநாடியும் பார்த்தாள். கத்திரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் "ரெடி" என்று கேட்டது. அம்மா அழுத்தினாள்.

"போயிடுச்சா?"

"குப்பத்தொட்டில இருக்கும்."

"அதையும்," என்றாள் அம்மா.